தாளில் ஏறாத வாக்கியம்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று முதன்முதலில் சொன்னவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர். அந்தப் பாராட்டு அன்றைக்கு எனக்குக் கிடைக்காமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தினமும் நினைக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்? சொன்னார். நானும் மண்டை கனத்துப் போனேன்.

என் பெயர் நிலூஷா. மடுல்கெல்லைக்கு மேலே பூமலைத் தோட்டம், கீழ்ப் பிரிவு, வரிசை வீடுகளில் மூன்றாவது லயம். இப்போது கண்டியில் ஆங்கில டிப்ளோமா இரண்டாம் வருடம் படிக்கிறேன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு போர்டிங் அறையில் நானும் கலகெதரையிலிருந்து வந்த ருஷ்தாவும் இருக்கிறோம். ருஷ்தாவின் வாப்பாவுக்கு அவர்கள் ஊரில் ஒரு ஹார்ட்வெயார் கடை. எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷும் வராது, தமிழும் வராது, வெறும் மூச்சுத்தான் வரும் என்று அவள் கேலி செய்வாள். உண்மைதான். எனக்குச் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இந்த வருடம் எங்களுக்குப் பகுத்து வாசிக்கவும் எழுதவும் ஒரு பாடம். ஞானேஸ்வரி மிஸ் எடுத்தார். கண்டி டவுன்காரர், மெல்லிய குரல், யாரையும் திட்ட மாட்டார். ஆனால் அவர் கேள்வி கேட்டால் போன வாரம் சாப்பிட்டது வரைக்கும் ஞாபகத்துக்கு வந்துவிடும். அவருடைய முறை இதுதான். ஒரு தாளை நீளவாக்கில் மூன்றாக மடிக்க வேண்டும். முதல் பத்தியில், வாசிக்கிற வாக்கியம் என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். இரண்டாவதில், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று எழுத வேண்டும்; காரணம் காட்டுகிறதா, சமாளிக்கிறதா, அடுத்த வாக்கியத்துக்கு வழி விடுகிறதா என்று. மூன்றாவதில், சொல்லாமல் விட்டது எது என்று எழுத வேண்டும்.

முதல் இரண்டு பத்தியையும் எல்லோரும் எப்படியோ நிரப்பிவிடுவார்கள். மூன்றாவது பத்தியில்தான் வகுப்பே திருதிருவென்று முழிக்கும். இல்லாததை எப்படி மிஸ் வாசிக்கிறது என்று பின் வரிசையில் மோகனராஜ் கேட்டான். மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டால் நீங்கள் இன்னும் வாசிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம் என்று மிஸ் சொன்னார்.

எனக்கு அது பிடித்துப் போயிற்று. பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, வகுப்பில் அதை என்னைவிட வேகமாகச் செய்தவர் யாரும் இல்லை. பஸ்ஸில் ஒட்டியிருக்கிற விளம்பரத்தைக்கூட மூன்றாக மடித்துத்தான் வாசித்தேன். தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கவும் என்று போர்டிங் அம்மா குளியலறைக் கதவில் ஒட்டியிருந்தார். மூன்றாவது பத்தி: மோட்டார் பழுது, திருத்துகிற எண்ணம் இல்லை. ருஷ்தா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த நாள் மோட்டார் பழுதுதான் என்று தெரிந்தபோது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அந்த நேரத்தில்தான் தவணைப் பரீட்சைக்குப் பதிலாக மிஸ் ஒரு கட்டுரை கேட்டார். உங்கள் வீட்டில் இருக்கிற, உங்கள் குடும்பத்துக்கு வந்த ஓர் ஆங்கிலக் கடிதத்தைக் கொண்டு வாருங்கள், அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதுங்கள் என்றார். கடையின் பெயர்ப் பலகையைப் பற்றி வாப்பாவுக்கு வந்த ஒரு நோட்டீஸை ருஷ்தா எடுத்துக்கொண்டாள். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. ஆறு வருடமாக ஒரு கடிதத்தின் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. அம்மா செத்ததற்குக் கம்பெனி அனுப்பிய கடிதம்.

அம்மாவின் பெயர் வேலாயி. கொழுந்து எடுக்கிறவள். ஆறு வருடத்துக்கு முன்னால், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும்போது நிழல் மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்து கொட்டியது. ஐந்து பெண்களுக்குக் கொட்டு. நான்கு பேர் பிழைத்தார்கள். அம்மாவை லொறியில் ஏற்றி இறக்கத்தில் கொண்டு போகும்போதே உயிர் போய்விட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆள் வந்து கூப்பிட்டபோது, எனக்கு ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷமாக எழுந்து போனேன்.

நடந்ததை இறந்தவளின் புருசன் எழுத்தில் கொடுக்க வேண்டும், அது கொழும்புக்குப் போகும், இங்கிலீஷில் இருந்தால் நல்லது என்று ஆபீஸில் சொன்னார்கள். அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. உங்கள் வாக்குமூலத்தின்படியே, அங்கே குளவிக்கூடு இருப்பது தெரிந்தும் உங்கள் மனைவி அந்த மலைக்குச் சென்றிருக்கிறார், ஆகவே இதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல, ஆழ்ந்த அனுதாபங்கள். அவ்வளவுதான் கடிதம். அதை நான்தான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா, நான் ஒண்ணு விடாம சொல்லிட்டேன், கேட்டும் அவங்க மனசு எறங்கல, இனி அவங்க பாவம் அவங்களோட என்றார்.

அதோடு அவர் அழுகையை நிறுத்திவிட்டார். அந்த ஒரு நினைப்பில்தான் அவர் ஆறு வருடம் ஓட்டினார். தான் சொன்னது எல்லாம் தாளில் இருக்கிறது, பெரிய பெரிய ஆட்கள் அதை வாசித்திருக்கிறார்கள், வாசித்தும் நியாயம் செய்யவில்லை. தப்பு அவர்களுடையது. தன் பெண்சாதிக்குத் தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்.

அந்த வாக்குமூலத்தின் கொப்பி ஒன்றை ஆபீஸில் கொடுத்திருந்தார்கள். அப்பா அதை வத்தேகமைக்குக் கொண்டு போய் லெமினேட் செய்து வந்தார். எங்கள் லயத்தில் சேர்ட்டிபிக்கேட் என்றால் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பரிசுப் பத்திரம், பிறப்புப் பத்திரம், எல்லாம் பளபளவென்று சுவரில் இருக்கும். இதையும் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். வருகிறவர்களுக்குக் காட்டுவார். என் மக எழுதுனது, பதினஞ்சு வயசுல, முழுக்க இங்கிலீசு என்பார். அவருக்கு அதில் தெரிந்தது கீழே தமிழில் இருக்கும் தன் கையெழுத்து மட்டும்தான்.

நான் அதை ஒருமுறைகூடத் திரும்ப வாசித்ததில்லை. பார்த்தாலே ஆபீஸ் வாசனை வரும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கம்பெனிக் கடிதத்தைப் பிய்த்துத் தோரணம் கட்டிவிடுவது என்ற வெறியோடு மிஸ்ஸிடம் போனேன். மிஸ் வாசித்துவிட்டு, இது ஒரு பதில் கடிதம், எதற்குப் பதில் என்று பார்க்காமல் இதை நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள், அதையும் கொண்டு வாருங்கள் என்றார். சரியான பேச்சுத்தான். பக்கத்து வீட்டு ரத்தினம்மா பெரியம்மாவின் மகனுக்கு அழைத்து, சுவரில் இருக்கிற தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கண்ணாடி போல ஒளியடித்தது, இரண்டு முறை எடுத்தான். வந்த படத்தைப் பார்த்து இயந்திரம் மாதிரித் தட்டச்சு செய்தேன். என் கண்ணும் விரலும் வேலை செய்தன, மனசை வெளியே நிறுத்தி வைத்திருந்தேன். எட்டே எட்டு வாக்கியம்.

வகுப்பில் சோடி வாசிப்பு என்று ஒன்று உண்டு. உங்கள் தாளில் இருக்கிற பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு, எதுவும் விளக்காமல் சோடிக்காரியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் மூன்று பத்தியையும் நிரப்புகிற வரைக்கும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. கம்பெனிக் கடிதத்தை நான் வைத்துக்கொண்டு, வாக்குமூலத்தை ருஷ்தாவிடம் கொடுத்தேன். அம்மா குளவி கொட்டிச் செத்தது அவளுக்குத் தெரியாது. காய்ச்சலில் போய்விட்டாள் என்று முதல் வருடம் சொல்லி வைத்திருந்தேன். இன்னார் எழுதியது என்றும் அவளுக்குத் தெரியாது.

அவளுடைய பெயர்ப் பலகை நோட்டீஸை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். அவள் முடிக்கவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்தாள். முதல் பத்தி, இரண்டாவது பத்தி எல்லாம் சின்னதாக எழுதியிருந்தாள். மூன்றாவது பத்தியில் இடம் போதாமல் தாளின் பின்பக்கம் போய்விட்டாள். அவள் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளியதும் வாசித்தேன்.

நாலாவது வாக்கியம், அங்கே கூடு இருப்பது அவளுக்குத் தெரியும். அதற்கு எதிரே ருஷ்தா எழுதியிருந்தாள்: தெரிந்தும் ஒருத்தி ஏன் போகிறாள்? போகச் சொன்னது யார்? போகாவிட்டால் என்ன நடந்திருக்கும்? இங்கே ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும், அது இல்லை. காரணம் இல்லாத இடத்தில் வாசிக்கிறவர்கள் செத்தவளையே காரணமாக்கிவிடுவார்கள்.

மிஸ் எங்கள் மேசைக்கு வந்தபோது, எழுதியவரைப் பற்றி இந்தத் தாளிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார். ருஷ்தா என்னைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

"புருசன் பேசுறாப்போல எழுதீக்கு மிஸ். ஆனா புருசன் இப்படிப் பேச மாட்டார். எழுதின ஆளுக்குக் கெதியா முடிச்சாப் போதும் எண்டு இருந்தீக்கு."

நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். மிஸ் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

இனி அந்த ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருடமாக எனக்கு அது மறந்துபோயிருந்தது என்றால் நம்புவீர்களா? மறக்கவில்லை. ஒரு மூலையில் தள்ளி மேலே மூட்டை அடுக்கியிருந்தேன்.

பெரிய கிளாக்கர் தன்னுடைய மேசையிலேயே எனக்கு இடம் கொடுத்தார், நல்ல பேனாவும் கொடுத்தார். அப்பா உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னார். அப்பாவுக்கு ஒன்றை நேராகச் சொல்ல வராது. காலையில் அம்மா ரொட்டி சுட்டதிலிருந்து ஆரம்பித்தார். நான் இரண்டு வாக்கியம் எழுதியதும் கிளாக்கர் எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, உன் மகளுக்கு இங்கிலீஷ் நல்லா வருதே லெட்சுமணன் என்றார். அழுது வீங்கிய முகத்தோடு அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா செத்த பிறகு முதல் சிரிப்பு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு அப்பா அந்த இடத்துக்கு வந்தார். காலையில் எல்லோரும் கூடி வேலை பிரிக்கிறதைப் பிரட்டு என்போம். பிரட்டில் அம்மாவும் மற்றப் பெண்களும், ஏழாம் நம்பரில் கூடு இருக்கு, கலைஞ்சு கிடக்கு, இன்னைக்கு வேற மலை குடுங்க என்று கேட்டிருக்கிறார்கள். போகாட்டிப் பேர் வெட்டிருவேன் என்று வேலை வாங்குகிற கங்காணி சொல்லியிருக்கிறார். ஒரு நாள் வேலை செய்ததாகப் பதிகிறதைத்தான் எங்கள் பக்கம் பேர் என்போம். பேரை வெட்டினால் அன்றைக்கு மலையேறியும் ஏறாத மாதிரி, கூலி இல்லை. அந்தப் பயத்தில்தான் அம்மா போனாள். அப்பா இதை மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் குரல் உடைந்தது.

எனக்குப் பேர் வெட்டுவதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கத்தியால் பெயரை வெட்டுகிற மாதிரி எழுதினால் கிளாக்கர் சிரிப்பாரே என்று பயமாக இருந்தது. கேட்டிருக்கலாம். இரண்டடி தூரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பார், அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. இப்போதுதான் பாராட்டினார், இப்போது போய் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அந்தத் தவணைதான் பள்ளிக்கூடத்தில் சுருக்கம் எழுதப் படித்திருந்தோம். மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், முக்கியமில்லாததை விட்டுவிட வேண்டும். நான் அதில் எப்போதும் முழுப் புள்ளி வாங்குகிறவள். விட்டுவிட்டேன். அங்கே கூடு இருப்பது அவளுக்குத் தெரியும் என்று எழுதினேன். அடுத்த வாக்கியமாக, குளவி கொட்டி அவள் ஆஸ்பத்திரி வழியில் இறந்துவிட்டாள் என்று எழுதினேன். நடுவில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டேன்.

"எல்லாம் எழுதிட்டியா புள்ள?" என்று அப்பா கேட்டார்.

எழுதிவிட்டேன் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ருஷ்தா என்னை வாவிக் கரையில் கண்டுபிடித்தபோது பின்னேரமாகிவிட்டது. நான் அவள் மேல் பாய்ந்தேன். உனக்கென்னடி தெரியும், ஹார்ட்வெயார் கடைக்காரன் மகள், ஒரு நாளாவது மலையேறியிருக்கிறாயா என்று வாய்க்கு வந்ததைக் கத்தினேன். மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி முடிந்ததும் கரையோரச் சிமெந்துத் திண்டில் உட்கார்ந்து, எழுதியது நான்தான் என்றேன். செத்தது என் அம்மா என்றேன். முழுவதையும் சொன்னேன். என் அம்மாவைக் கம்பெனி குற்றவாளியாக்கவில்லை, நான்தான் ஆக்கினேன் என்றும் சொன்னேன்.

அவள் என்னைவிட அதிகமாக அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய வழக்கப்படி வேலைக்கு வந்துவிட்டாள். இன்னொன்று எழுது என்றாள். உன் வாப்பா அன்றைக்குச் சொன்னதை ஒன்று விடாமல் இப்போது எழுது, அவர் கையெழுத்து வைக்கட்டும், முந்தியது குறையாக எழுதப்பட்டது என்று சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பு. அவர்கள் என்னவும் செய்யட்டும், பைலில் உன் உம்மாவின் மேல் இருக்கிற பழியாவது போகட்டும்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அப்பா ரொட்டியிலிருந்து தொடங்கியதால் நானும் ரொட்டியிலிருந்தே தொடங்கினேன். அந்த இடம் வந்தபோது பேனா நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. போகாவிட்டால் இன்றைக்கு நீங்கள் வேலை செய்ததாகப் பதிய மாட்டேன் என்று கங்காணி சொன்னார். இங்கிலீஷில் ஒரே வரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத ஒரு சொல்கூட அதில் இல்லை. பதினைந்து வயதில் எனக்கு அது எல்லாமே தெரியும். அதைப் பார்த்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன், ருஷ்தா என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவின் ஆறாம் வருடப் படையல். கையெழுத்து வேண்டுமென்றால் அப்பாவிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். வேறு வழியில்லை. அவருக்குத் தெரியாத பாஷையில் சும்மா ஒன்றை நீட்டி இன்னொரு முறை கையெழுத்து வாங்க என்னால் முடியாது, அந்தப் பாவத்தை ஒரு தடவை செய்தது போதும். வத்தேகமை, பன்விலை என்று பஸ் ஏற ஏற நான் சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அப்பா, நீங்க சொன்னத நான் எழுதல. இவ்வளவுதான். மிஸ் சொல்கிற மாதிரி, முதலில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும், காரணமெல்லாம் பிறகு.

வீட்டுக்குப் போனபோது ஆட்கள் வந்துவிட்டார்கள். ரத்தினம்மா பெரியம்மா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நின்றவர் அவர்தான். அவருக்கும் கொட்டியது, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அதிலிருந்து ஒரு காது சரியாகக் கேட்காது. கொட்டு வாங்கிய மற்ற மூன்று பெண்களும் வந்திருந்தார்கள். எல்லோரும் போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த இரண்டு பக்கமும் இருந்த பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

படையல் போட்டு, சூடம் காட்டி, சாப்பாடும் முடிந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அப்பா எழுந்து போய் ஆணியிலிருந்து அந்தத் தாளைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டால் இரண்டு பக்கமும் துடைத்தார்.

"பாப்பா இப்ப இங்கிலீசுலயே படிக்குது. இதுல என்னா இருக்குன்னு ஆறு வருசமா நாம ஒரு நாளும் கேட்டதில்ல. இன்னைக்கு நம்ம தமிழ்ல படிச்சுக் காட்டட்டும்."

என் கையில் தந்தார். இப்போதே சொல்லிவிடு என்று ஒரு மனம் சொன்னது. ஐந்து முகமும் என்னையே பார்த்தன. சுவரில் அம்மா பூமாலையோடு இருந்தாள். நான் படிக்கத் தொடங்கினேன். நான் லெட்சுமணன், பூமலைத் தோட்டத் தொழிலாளி. என் மனைவி வேலாயி. அன்று காலை அவள் ஏழாம் நம்பர் மலைக்கு வேலைக்குப் போனாள். அப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். நாலாவது வாக்கியத்தில் வந்து நின்றேன்.

"கங்காணி சொன்ன எடத்தச் சத்தமாப் படி புள்ள. பெரியம்மாவுக்குக் காது கேக்காது" என்றார் அப்பா.

பெரியம்மா நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். மற்ற மூன்று பேரும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். தாளைப் பார்த்தேன். கூடு இருப்பது அவளுக்குத் தெரியும். குளவி கொட்டி அவள் ஆஸ்பத்திரி வழியில் இறந்துவிட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

நான் படித்தேன். அங்கே குளவிக்கூடு கலைந்திருக்கிறது, வேறு மலை கொடுங்கள் என்று என் மனைவியும் மற்றப் பெண்களும் பிரட்டில் கேட்டார்கள். போகாவிட்டால் இன்றைக்குப் பேர் வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொன்னார். அவளுக்குப் போக மனமில்லை. பேருக்காகத்தான் போனாள். என் குரல் நடுங்கவே இல்லை. பார்த்துப் படிக்கிற மாதிரியே கண்ணை இடமிருந்து வலமாக நகர்த்தினேன்.

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து என் கன்னத்தைத் தொட்டார்.

"அன்னைக்கு எங்கள யாரும் கேக்கல ஆயி, நாங்களும் வாயத் தொறக்கல. அந்தச் சொல்லு தாளுல ஏறிருச்சு. எங்களுக்கு அது போதும்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருத்தி கைநீட்டித் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

எல்லோரும் போன பிறகும் அப்பா தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லலாம். யாரும் இல்லை. பை கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் ஆட்காட்டி விரலை நீட்டினார். தேயிலைக் கறை ஏறிய விரல். "அது எந்த எடத்துல இருக்கு? வெரல வச்சுக் காட்டு புள்ள. இனி யாரும் வந்தா நானே காட்டுவேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு ஆபீஸில் கிளாக்கர் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அதே சிரிப்பு. நான் அவர் விரலைப் பிடித்து நாலாவது வாக்கியத்தின் மேல் வைத்தேன்.

"இந்தத் துண்டு எடத்துலயா அம்புட்டும் இருக்கு?"

"ஆமாப்பா. இங்கிலீசுல சுருக்கமா எழுதலாம்."

அவர் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து, மறக்காமல் இருக்க லெமினேட்டின் மேல் அந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டார். மை ஒட்டவில்லை. திரும்பவும் போட்டார். நான் மஞ்சள் எடுத்து வந்து, அதே இடத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது பால்காரர் வந்திருந்தார். அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு, சுவருக்கு முன்னால் நிற்க வைத்து, மஞ்சள் பொட்டின் மேல் விரலை வைத்து, இங்கதான் இருக்கு பாருங்க, கங்காணி சொன்னது, அவ ஏன் போனான்னு எல்லாம் இங்க இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். விரலுக்குக் கீழே, அங்கே கூடு இருப்பது அவளுக்குத் தெரியும் என்று என் கையெழுத்தில் இருந்தது. பால்காரர் தலையாட்டினார். போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கையெழுத்தில்லாத இரண்டு பக்கத்தையும் பையோடு தூக்கிக்கொண்டு நான் ரோட்டுக்கு இறங்கினேன்.